சபைக்குள் குடியிருக்கும் உலகம்: சாதி குறித்த எங்கள் நிலைப்பாட்டு அறிக்கை

முதுமலைக் காட்டோரம் தெப்பக்காடு, மசினகுடி, கூடலூர் வட்டாரங்களில் கூடிவரும் ஜெபக் குழுக்களின் ஐக்கியம் நாங்கள். எங்களில் சி.எஸ்.ஐ. சபையார் உண்டு, பெந்தெகொஸ்தேயினர் உண்டு, கத்தோலிக்கக் குடும்பங்களிலிருந்து வருவோரும் உண்டு. வேதத்துக்கு உண்மையாயிருப்பதா, உலகத்தோடு ஒத்துப்போவதா என்ற கேள்வி இன்று எல்லாக் கன்வென்ஷன் மேடைகளிலும் எழுகிறது. அதற்கு எங்கள் பதிலை ஊரறியச் சொல்லவே இந்த அறிக்கை.

எங்கள் நிலைப்பாடு இதுதான்: தமிழ்ச் சபைக்குள் நுழைந்த உலகங்களில் மிக மூத்தது சாதி. அதை உள்ளே உட்கார வைத்துக்கொண்டு, வேதத்துக்கு உண்மையாயிருப்பதாகச் சொல்லும் உரிமை எந்தச் சபைக்கும் இல்லை. எங்களுக்கும் இல்லை.

எதை உலகம் என்கிறோம்?

உலகத்தை விட்டு விலகுங்கள் என்று பிரசங்கிக்கும்போது நாம் வழக்கமாகச் சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. சினிமா, மது, நகை, ஆடை, கைப்பேசி. அதில் உள்ள எச்சரிக்கைகளை நாங்கள் தள்ளிவிடவில்லை. காணிக்கை போட்டால் கார் வரும், வீடு வரும் என்று சுவிசேஷத்தை விலை பேசும் போதனையையும் மறுக்கிறோம். ஆனால் இந்தப் பட்டியலில் சாதி ஏன் இல்லை? தோடு போட்ட பெண்ணைக் கண்டித்த சபை, சாதி பார்த்துச் சம்பந்தம் பேசிய மூப்பரை என்றாவது கண்டித்ததுண்டா? கண்டிக்காததற்குக் காரணம், அந்த உலகம் நமக்கு வசதியானது என்பதுதான்.

வேதம் என்ன சொல்கிறது?

கலாத்தியர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை ஒவ்வொரு சபையும் மறுபடி படிக்கும்படி கேட்கிறோம். அந்தியோகியாவில் பேதுரு, புறஜாதி விசுவாசிகளோடு ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் பயந்துபோய்ப் பந்தியை விட்டு எழுந்துகொண்டார். பர்னபாவும் அவரோடு போனார். பேதுரு எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை; சாப்பிடும் இடத்தை மட்டும் மாற்றினார். ஆனாலும் பவுல் எல்லாருக்கும் முன்பாக அவரை முகமுகமாய் எதிர்த்தார். அந்த நடத்தை சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே முரணானது என்றார்.

ஆகவே, சாதி ஒரு சமூகப் பிரச்சினை, சபை சுவிசேஷத்தை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்ற வாதம் வேதத்தின் முன் நிற்காது. யாக்கோபு நிருபம் ஆலயத்தில் இடம் ஒதுக்குவதிலேயே பாரபட்சத்தைப் பாவம் என்கிறது. கொரிந்து சபையில் இல்லாதவர்களை வெட்கப்படுத்திவிட்டு உண்ட திருவிருந்தைக் கர்த்தருடைய பந்தியாகப் பவுல் ஒப்புக்கொள்ளவில்லை. வேதத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிறோம் என்பவர்கள் இந்தப் பகுதிகளையும் அதே கண்டிப்போடு நம்ப வேண்டும்.

நாம் வந்த வழி

இந்தச் சமரசம் நேற்று வந்ததல்ல. 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி, பூணூலும் குடுமியும் சமூக வழக்கம், மதச் சின்னம் அல்ல என்று வாதாடினார். 1623இல் ரோமாபுரி அதை அனுமதித்தது. தமிழைக் கற்று, தமிழ் வாழ்க்கையை மதித்த அவரது உழைப்புக்கு நன்றி சொல்கிறோம். ஆனால் அந்த வழி நாளடைவில் ஒரு சாதியாருக்கு ஒருவகைக் குருக்கள், மற்றவருக்கு வேறுவகைக் குருக்கள் என்பதில் போய் நின்றது.

1706இல் தரங்கம்பாடியில் தொடங்கிய சீர்திருத்த மிஷனும் தப்பவில்லை. தஞ்சை அரசரின் படையில் சேவகராக இருந்த ராஜநாயக்கன், தமிழில் அச்சான சுவிசேஷங்களைப் படித்து, அந்த மிஷனில் சேர்ந்தவர். தஞ்சைப் பகுதியில் பல்லாண்டு ஊழியம் செய்தார். அவருக்குக் குருப்பட்டம் கொடுக்கும் பேச்சு எழுந்தபோது, பறையர் ஒருவர் கையால் திருவிருந்து வாங்க மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்ற அச்சமே வென்றது. 1771இல் உபதேசியாராகவே அவர் கண்மூடினார். வேதத்தைப் படித்து வந்த மனிதரை, வேதம் கொடுத்த மிஷனே வாசலில் நிறுத்தியது. தமிழ்ச் சபை இந்த வரலாற்றை ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே விட்டொழிக்கக் கட்டளையிட்டார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதிலாகச் சபையை விட்டார்கள். தெற்கே வடக்கன்குளம் ஆலயத்துக்குள் சாதியைப் பிரிக்கச் சுவர் இருந்தது. 1910இல் கௌசானல் அடிகள் அதை இடித்தார். தங்களுக்குத் தனியிடம் உரிமை என்று நீதிமன்றம் போனவர்கள் தோற்றார்கள்.

சுவர் விழுந்ததே தவிர வழக்கம் விழவில்லை. திருச்சி மேலப்புதூர் கல்லறையில் இறந்தவர்களுக்கு நடுவேயும் சுவர் எழுப்பப்பட்டது. 2008 மார்ச் 9 அன்று ஏறையூரில், தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதை ஒட்டி எழுந்த மோதலில் போலீஸ் சுட்டு இருவர் இறந்தார்கள். தவக்காலத்தில், ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் நடந்தது இது. 2016இல் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதைத் தன் கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. அந்த உண்மையை நாங்கள் மதிக்கிறோம். எங்கள் சபைகளும் அதே உண்மையைப் பேச வேண்டும்.

எங்கள் மலையில்

இந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்கள் கட்டுநாயக்கரும் குறும்பரும் இருளரும். தெப்பக்காடு முகாமில் யானையோடு பாகனாகவும், துணைப் பாகனான காவடியாகவும் வாழ்பவர்களில் பெரும்பாலோர் அவர்களே. மற்றவர்களெல்லாம் ஏறி வந்தவர்கள். சமவெளியிலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தோர், கேரளத்திலிருந்து கூடலூருக்குக் குடியேறியோர், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பியோர். வந்தவர்களின் மூட்டையில் வேதாகமமும் இருந்தது, சாதியும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே அவிழ்த்தோம்.

2023 மார்ச்சில் ஆஸ்கர் வென்ற ஆவணப்படம், யானைக்குட்டிகளை வளர்த்த பொம்மன், பெள்ளி என்ற கட்டுநாயக்கர் தம்பதியை உலகத்துக்குக் காட்டியது. நாமும் பெருமைப்பட்டோம். அதே சமூகத்தார் ஒருவர் ஞாயிறு காலை நம் ஆலயத்துக்கு வந்தால் எங்கே உட்காரச் சொல்வோம்? அவர் வீட்டுப் பிள்ளையை நம் வீட்டுக்கு மருமகளாகக் கேட்போமா?

எங்களை மிகவும் உறுத்துவது இதுதான். காட்டிலிருந்து விசுவாசத்துக்கு வருபவரிடம் குலதெய்வத்தை விடு, சடங்கை விடு, மேளத்தையும் ஆட்டத்தையும்கூட விடு என்கிறோம். அவர் உறவையும் ஊரையும் இழக்க நேர்ந்தாலும் அதை விசுவாசத்தின் விலை என்கிறோம். ஐந்து தலைமுறையாகக் கிறிஸ்தவர்களான நாமோ, கல்யாண விளம்பரத்தில் சபையின் பெயரையும் சாதியின் பெயரையும் அருகருகே அச்சடிக்கிறோம். நேற்று வந்தவரிடம் எல்லாவற்றையும் கேட்கும் நாம், நம்மிடம் இந்த ஒன்றைக்கூடக் கேட்டுக்கொள்வதில்லை.

மறுப்புகளுக்கு எங்கள் பதில்

சாதியைத் தொட்டால் சபை பிளவுபடும் என்கிறார்கள். சபை ஏற்கெனவே பிளவுபட்டுத்தான் இருக்கிறது. பிளவை வெளியே தெரியாமல் வைத்திருப்பதைச் சமாதானம் என்று அழைக்க எங்களால் இயலாது.

சாதியே இல்லை என்றால் இட ஒதுக்கீடு எதற்கு என்றும் கேட்கிறார்கள். 1950 குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியிலிருந்து தலித் கிறிஸ்தவர்களை விலக்கி வைத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அந்தக் கதவு திறந்தது. கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. அந்தத் தகுதி தலித் கிறிஸ்தவர்களுக்கு வழங்கப்பட வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. சாதிச் சான்றிதழ் ஒருவர் பட்ட காயத்துக்குச் சாட்சி. கல்யாண விளம்பரத்தில் போடும் சாதி காயப்படுத்தியவரின் பெருமிதம். இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது. அரசிடம் போய்ச் சபைக்குள் சாதிக்கொடுமை இருக்கிறது என்று மனு கொடுத்துவிட்டு, பிரசங்க பீடத்தில் ஏறி இங்கே சாதியே இல்லை என்பது பொய்ச்சாட்சி.

எங்கள் தீர்மானங்கள்

1. எங்கள் குடும்பங்களில் பெண் பார்க்கும்போதும் மாப்பிள்ளை பார்க்கும்போதும் சாதி கேட்கமாட்டோம், எழுதமாட்டோம். சாதி கடந்து மணம் செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு ஓலை வாசிப்பது முதல் வீடு அமர்த்திக் கொடுப்பது வரை துணை நிற்போம். மிரட்டல் வந்தால் காவல் நிலையத்துக்கும் உடன் போவோம்.

2. அசனத்திலும் திருவிருந்திலும் ஒரே வரிசை, வந்தவர் வந்த இடத்தில். சமைப்பதும் பரிமாறுவதும் எல்லாக் குடும்பங்களுக்கும் முறை வைத்து வரும்.

3. எங்கள் பொறுப்பில் உள்ள கல்லறைத் தோட்டத்தில் இறந்த வரிசையிலேயே அடக்கம். சாதிக்கென்றோ குடும்பத்துக்கென்றோ தனிப் பகுதி இல்லை.

4. சபைத் தேர்தலில் சாதி சொல்லி ஓட்டுக் கேட்பவர் எங்கள் ஐக்கியத்தில் எந்தப் பொறுப்பும் வகிக்க முடியாது.

5. பழங்குடியினரிடம் அரிசியும் வேட்டி சேலையும் கொடுத்து ஞானஸ்நானம் பேசமாட்டோம். கொடுப்பதைப் படம் எடுத்துப் பரப்பமாட்டோம். அவர்கள் மொழியிலும் இசையிலும் அவர்களே ஆராதனை நடத்தவும், பொறுப்புகளில் வரவும் இடம் விடுவோம்.

6. ஞானஸ்நான ஆயத்த வகுப்பிலும் திடப்படுத்தல் வகுப்பிலும், பொய், களவு போலவே சாதியும் மனந்திரும்ப வேண்டிய பாவம் என்று பெயர் சொல்லிக் கற்பிப்போம்.

எங்கள் அழைப்பு

ஆயர்களே, போதகர்களே, உங்கள் பிரசங்க பீடத்திலிருந்து ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தப் பாவத்தைப் பெயர் சொல்லிக் கண்டியுங்கள். பெற்றோரே, பிள்ளைகளுக்கு மனப்பாட வசனம் சொல்லித்தரும் அதே வாயால் சாதிப் பெருமை பேசாதிருங்கள். இளைஞர்களே, எங்கள் தலைமுறை கோழையாய் இருந்த இடத்தில் நீங்கள் துணிந்து நில்லுங்கள்.

இதை எழுதிய நாங்கள் சுத்தமான கைகளோடு வரவில்லை. எங்களில் பலர் சாதி பார்த்தே மணம் முடித்தவர்கள். அண்டை வீட்டில் காப்பி குடிக்கத் தயங்கிய தாய்மாரின் பிள்ளைகள். பேதுருவும் பந்தியை விட்டு எழுந்தவர்தான். கண்டிக்கப்பட்ட பிறகும் அப்போஸ்தலனாகவே இருந்தார். அந்த நம்பிக்கையோடு நாங்களும் கண்டிப்பை ஏற்றுக்கொள்கிறோம்.

ஒவ்வோர் ஆண்டும் அறுப்பின் பண்டிகையன்று, மேலே சொன்ன ஆறு தீர்மானங்களில் எதை நிறைவேற்றினோம், எதில் தவறினோம் என்ற கணக்கைச் சபை முன் வாசிப்போம். அன்றைய அசனத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். வந்து, பந்தியில் யார் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். இந்த அறிக்கைக்கு நாங்கள் தரும் கையொப்பம் அதுவே.