275ல் ஒன்றுகூட இல்லை!



ஒரே ஒரு பேனா இருந்தால் பத்திரமாக வைத்துக் கொள்வோம். பத்து இருந்தால்? எது எங்கே போனது என்றுகூடத் தேட மாட்டோம். பெரியவர்களும் இப்படித்தான். இதற்கு ஒரு ரயில் எஞ்சினே சாட்சி.

அமெரிக்காவில், 'நியூயார்க் சென்ட்ரல்' என்ற ரயில் கம்பெனி இருந்தது. நியூயார்க்கிலிருந்து சிகாகோ வரை அதன் ரயில்கள் ஓடின. பெட்டிகளின் எடை கூடிக்கொண்டே போனதால், பழைய நீராவி எஞ்சின்கள் திணறின. அதிக நீராவி வேண்டுமானால் நெருப்பு எரியும் அறை பெரிதாக வேண்டும். அறை பெரிதானால் அதன் பாரத்தை யார் தாங்குவது?

பால் கீஃபர் என்ற பொறியாளர் இதற்கு வழி கண்டார். எஞ்சினின் பின்பக்கம் இரண்டு சக்கரம் இருந்த இடத்தில் நான்கு சக்கரங்களை வைத்தார். முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் நான்கு. 1927ல் முதல் எஞ்சின் வந்தது. ரயில் பாதையை ஒட்டி ஓடும் நதியின் பெயரையே அதற்கு வைத்தனர். அதுதான், 'ஹட்சன்!'

நடுவில் உள்ள பெரிய சக்கரங்கள் பெரும்பாலான எஞ்சின்களில் சுமார் இரண்டு மீட்டர் உயரம். உங்கள் ஆசிரியர் பக்கத்தில் நின்றாலும் சக்கரம்தான் உயரமாகத் தெரியும்! இன்னொரு வேடிக்கை கேளுங்கள்: தண்டவாளங்களுக்கு நடுவே நீளமான தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வைத்திருப்பார்கள். ரயில் நிற்காமல் ஓடும்போதே, ஒரு குழாயைக் கீழே இறக்கித் தண்ணீரை அள்ளிக் கொள்ளும்!

1938ல், 'ட்வென்டியத் செஞ்சுரி லிமிடெட்' என்ற புகழ்பெற்ற ரயிலுக்காகப் பத்து ஹட்சன்களுக்கு அழகிய மேலுறை போட்டனர். ஹென்றி டிரைஃபஸ் என்ற வடிவமைப்பாளரின் கைவண்ணம் அது. சுமார் 1,545 கி.மீ. தூரத்தை 16 மணி நேரத்தில் கடந்தது அந்த ரயில்.

மொத்தம் 275 ஹட்சன்கள் ஓடின. பிறகு டீசல் எஞ்சின்கள் வந்தன. 1950களில் ஹட்சன்கள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டு, உடைக்கப்பட்டு, பழைய இரும்பாக எடைக்குப் போயின. கடைசியில் மிஞ்சியது எத்தனை தெரியுமா? பூஜ்யம்!

1937ல் லயோனல் என்ற பொம்மைக் கம்பெனி, 5344 என்ற எண்ணுள்ள ஹட்சனைப் பார்த்து, அதே போல ஒரு பொம்மை ரயில் எஞ்சின் செய்தது. அந்தப் பொம்மைகள் இன்றும் சேகரிப்பவர்களிடம் பத்திரமாக இருக்கின்றன. பொம்மை இருக்கிறது, நிஜம் இல்லை!

அதே அமெரிக்காவில், 'நார்ஃபோக் அண்ட் வெஸ்டர்ன்' கம்பெனி, 'ஜே' வகையில் 14 எஞ்சின்கள்தான் செய்தது. அவற்றில் 611 என்ற ஒன்றை மட்டும் உடைக்காமல் காப்பாற்றினர். அது 1982ல் மறுபடி ஓடியது. 2015ல் மீண்டும் பழுது பார்த்து ஓட்டினார்கள். 14ல் ஒன்று பிழைத்தது. 275ல் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. எண்ணிக்கை எதையும் காப்பாற்றாது குழந்தைகளே! 'இது இருக்கட்டும்' என்று ஒருவர் சொன்னால்தான் ஒரு பொருள் தப்பிக்கும்.

எல்லாவற்றையும் சேர்த்து வைக்க முடியாது, வீடு தாங்காது! ஆனால், எடைக்குப் போடும் முன் ஒரு நிமிடம் யோசிக்கலாம். இந்த வாரம் உங்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். தாத்தா, பாட்டி பயன்படுத்திய பொருள் ஒன்றை எடுங்கள். அது எதற்குப் பயன்பட்டது என்று அவர்களிடமே கேளுங்கள். ஒரு தாளில் எழுதி, அந்தப் பொருளோடு சேர்த்து வையுங்கள்.

'இது இருக்கட்டும்' என்று சொல்லும் அந்த ஒருவர், நீங்களாக இருங்கள்!

அன்புடன்,
உங்கள் ஆசிரியர் தாத்தா