ஓசி பாஸும் நிற்காத பஸ்ஸும்

காலை ஏழரை மணிக்கு நெய்வேலி ஆர்ச் கேட்டில் நிற்கிற காலேஜ் பசங்களைக் கவனித்ததுண்டா? யாரும் மணி பார்ப்பதில்லை. தூரத்தில் வருகிற பஸ்ஸின் முகப்பைத்தான் பார்ப்பார்கள். கவர்மெண்ட் பஸ்ஸா, தனியாரா? தனியார் என்றால் பாஸ் செல்லாது, விட்டுவிட வேண்டியதுதான். கவர்மெண்ட் என்றால் அடுத்த கேள்வி: நிற்குமா, நிற்காதா? நின்றால் மூன்றாவது கேள்வி: படியில் ஒரு காலுக்காவது இடம் இருக்குமா? கடலூர் வரை போக வேண்டும். முதல் பீரியட் அட்டெண்டன்ஸ் வடலூர் தாண்டுவதற்குள் போயே போச்சு.

இதைச் சொன்னால் உடனே ஒரு பதில் வரும், வீட்டிலிருந்தும் வரும், டீக்கடையிலிருந்தும் வரும். "ஓசில போறவனுக்கு சீட்டு வேற வேணுமாக்கும்?"

இந்த 'ஓசி'தான் இங்கே மேட்டர். பெரிய ஆட்களே வாயை விட்ட வார்த்தை இது. 2022 செப்டம்பரில் அப்போதைய உயர்கல்வித் துறை அமைச்சர் பொன்முடி, பெண்கள் பஸ்ஸில் ஓசியில் போவதாக மேடையில் பேசிவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். உயர்கல்வித் துறை! பொருத்தமான இலாகாதான் :-)

சரி, கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். அரசு கலைக் கல்லூரி மாணவருக்கு இலவச பாஸ். தனியார் கல்லூரி என்றால் பாதிக் கட்டணச் சலுகை. மீதியை யார் கொடுக்கிறார்கள்? டிரைவரோ கண்டக்டரோ தன் சட்டைப்பையிலிருந்து எடுத்துப் போடுவதில்லை. அரசு, போக்குவரத்துக் கழகங்களுக்குக் கொடுக்கிறது. 2022-23 தமிழக பட்ஜெட்டில் மாணவர் பஸ் கட்டணச் சலுகைக்கு ஒதுக்கியது 928 கோடி ரூபாய். மகளிர் இலவசப் பயணத்துக்கு 1,520 கோடி. அதாவது டிக்கெட் வாங்கியாகிவிட்டது. வாங்கியவர் வேறு, ஏறுகிறவர் வேறு, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பா பீஸ் கட்டினால் பையன் ஓசியில் படிக்கிறான் என்று எந்தக் கல்லூரியும் சொல்வதில்லையே?

அப்புறம் ஏன் பஸ் நிற்பதில்லை? இங்கேதான் எல்லோரும் கண்டக்டரைத் திட்டுவார்கள். அது சுலபம், ஆனால் அநியாயம். கண்டக்டருக்கும் டிரைவருக்கும் வசூலைப் பொறுத்துப் படி உண்டு, கலெக்‌ஷன் பேட்டா என்பார்கள். நாற்பது பாஸ் ஏறினால் பஸ் நிறைகிறது, பை நிறைவதில்லை. அடுத்த ஸ்டாப்பில் காசு கொடுத்து ஏறத் தயாராக நிற்கிறவருக்கு இடம் இல்லை. அந்த நிலைமையில் ஸ்டாப்பைத் தாண்டி ஐம்பது அடி தள்ளி நிறுத்துகிறவர் வில்லன் இல்லை. அவருக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு அப்படி.

இதைவிட முக்கியமானது ஒன்று இருக்கிறது. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபிறகு என்ன செய்தார்கள்? கட்டணம் பூஜ்யம், ஆனாலும் டிக்கெட் உண்டு. ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு டிக்கெட் கையில் வந்தது. அதனால் எத்தனை பெண்கள் பயணம் செய்தார்கள் என்று அரசால் எண்ணிக்கை சொல்ல முடிகிறது, மேடையில் பெருமையாகச் சொல்லவும் சொல்கிறார்கள். மாணவர் கதை என்ன? பாஸைக் காட்டினால் பெரும்பாலும் ஒரு தலையசைப்பு. சில சமயம் அதுவும் கிடையாது, "பாஸ்" என்று கத்தினால் போதும். கழகத்துக்கு எத்தனை பாஸ் கொடுத்தோம் என்று தெரியும். ஏழே முக்கால் பஸ்ஸில் ஆர்ச் கேட்டில் எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் ஏற முடியாமல் நின்றார்கள் என்பது எந்தத் தாளில் இருக்கிறது? கணக்கில் வராத கூட்டத்துக்கு எந்த அதிகாரி கூடுதல் டிரிப் போடுவார்?

மாணவர்கள் எப்போது எண்ணப்படுகிறார்கள் தெரியுமா? தொங்கும்போது. 2019 ஜூனில் சென்னையில் 'பஸ் டே' என்று கூரையில் ஏறிய மாணவர்கள் பிரேக் போட்டதும் கொத்தாக விழுந்த வீடியோவை நாடே பார்த்தது. கூரையில் ஏறினது முட்டாள்தனம், அதற்கு வக்காலத்து கிடையாது. ஆனால் ஆர்ச் கேட்டில் தினமும் படியில் தொங்குகிறவன் கொண்டாட்டத்துக்குத் தொங்கவில்லை. உள்ளே இடமில்லை.

2018 ஜனவரியில் கட்டணத்தை ஏற்றினார்கள். மொஃபசல் சாதாரண பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 42 காசு 60 காசானது. தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் ரோட்டுக்கு வந்தார்கள், அதே மாதக் கடைசியில் 58 காசாகக் குறைந்தது. போராட்டம் நியாயமானதுதான். ஆனால் அன்றும் சரி, அதற்கப்புறமும் சரி, சண்டையெல்லாம் காசைப் பற்றித்தான். நேரத்தைப் பற்றி யாரும் கொடி பிடிக்கவில்லை. போகவர தினமும் ஒரு மணி நேரம் ஸ்டாப்பில் நின்றால், இருபது வேலை நாள் உள்ள மாதத்தில் இருபது மணி நேரம். விலை பூஜ்யம் என்பதால் செலவும் பூஜ்யம் என்று எந்த அக்கவுண்டன்சி புத்தகத்தில் இருக்கிறது?

வெளியூர் உதாரணம் வேண்டுமா? கிரீஸுக்கு எக்ஸ்சேஞ்சில் போய் ஏதென்ஸில் ஒரு செமஸ்டர் படிக்கிறவர்கள் பஸ்ஸில் முதலில் கற்றுக்கொள்வது, ஏறியதும் மெஷினில் கார்டைத் தட்ட வேண்டும் என்பதை. அங்கே மாணவருக்குப் பாதி விலை. தட்டாமல் மாட்டினால் டிக்கெட் விலையைப் போலப் பல மடங்கு அபராதம். கொடுமை மாதிரி தெரியும். ஆனால் தட்டுகிற ஒவ்வொரு தடவையும் அந்த மாணவர் ஒரு பயணியாகப் பதிவாகிறார். அதற்காக கிரீஸ் சொர்க்கம் என்று அர்த்தமில்லை. தெஸ்ஸலோனிகி நகரத்துக்காரர்கள் 2006-ல் தோண்ட ஆரம்பித்த மெட்ரோவில் ஏற 2024 நவம்பர் 30 வரை காத்திருந்தார்கள். ஆர்ச் கேட் பசங்க அவர்களோடு கை குலுக்கலாம்.

நெய்வேலி ஒன்றும் தானாக முளைத்த ஊர் இல்லை. 1956-ல் கம்பெனி வந்து, வட்டம் வட்டமாக நம்பர் போட்டு, ரோடு அளந்து கட்டிய டவுன்ஷிப். சுரங்கத்தில் ஷிப்டுக்கு எத்தனை பேர் என்று கணக்கு இல்லாமல் ஒரு நாள் ஓடுமா? அப்படிப்பட்ட ஊரில் காலை பஸ்ஸுக்கு எத்தனை பேர் என்று தெரியாது என்பது வேடிக்கை இல்லையா?

பெண்களுக்குக் கொடுத்தது போல மாணவர் பாஸுக்கும் பூஜ்யக் கட்டண டிக்கெட் கொடுக்கட்டும், கண்டக்டர் பேட்டாவிலும் அதைச் சேர்க்கட்டும். நெரிசலில் டிக்கெட் கொடுக்க நேரமில்லை என்றால் ஏதென்ஸ் மாதிரி தட்டுகிற மெஷின் வைக்கட்டும். அதற்கும் ஆர்டர் வர வருஷமாகும் என்றால், வருகிற ஜூனில் காலேஜ் திறந்ததும் ஒரு வாரம், காலை ஏழு முதல் ஒன்பது வரை, ஆர்ச் கேட்டிலும் மந்தாரக்குப்பத்திலும் நின்று எண்ணினாலே ஆரம்பத்துக்குப் போதும். வருகிற பஸ், நிற்கிற பஸ், ஏறினவர், ஏறாதவர் என்று நாலு காலம். பி.காம் முதல் வருஷப் பசங்களே போட்டுக் கொடுத்துவிடுவார்கள். எப்படியும் அங்கேதானே நிற்கிறார்கள்.