ஆனி மாதத்துக் கரடிகள்

சென்ற இதழில் பனிச் சப்பாத்துப் பற்றி எழுதினேன். இம்முறை கரடி. சிரிக்க வேண்டாம். வெயில் வந்ததும் எங்கள் ஆட்கள் வானில் சோறு கட்டிக்கொண்டு போகிற இடங்களில் ஒன்று அல்கொங்குவின் பூங்கா. ரொறன்ரோவிலிருந்து மூன்று மணி நேர ஓட்டம். 60ஆம் இலக்கப் பெருந்தெரு அந்தக் காட்டுக்குள் 56 கிலோமீற்றர் ஓடுகிறது.

1996 ஆனியில் என்னோடு வேலை செய்யும் அண்ணையின் குடும்பத்தோடு அங்கே போனேன். தெருவோரப் புல்லில் ஒரு பெண் கருங்கரடி மேய்ந்துகொண்டு நின்றது. பக்கத்தில் இரண்டு குட்டிகள், பெரிய நாயளவு. வானை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தோம்.

சற்று நேரத்தில் மரங்களுக்குள்ளிருந்து பெரிய ஆண் ஒன்று வந்தது. அவசரமே இல்லை. தாய் நடந்தால் நடக்கும், நின்றால் நிற்கும். குட்டிகள் ஓடிவந்து தாயோடு ஒட்டப் பார்த்தன. தாய் சீறிக்கொண்டு அவற்றையே துரத்தியது! ஒன்று மரத்தில் ஏறிவிட்டது, மற்றது காட்டுக்குள் ஓடிவிட்டது.

"பெத்த பிள்ளையளை இப்பிடியும் கலைக்குமோ?" என்றார் அக்கா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு நூலகத்தில் அகராதியும் கையுமாக இருந்து வாசித்தேன். வைகாசிக் கடைசியிலிருந்து ஆடித் தொடக்கம் வரை இவை சேரும் காலம். ஆண் பல மைல் அலைந்து, மரங்களில் முதுகை உரசி மணம் விட்டுப் போகும். பெண் இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சேரும். முந்திய ஈற்றுக் குட்டிகளுக்கு அப்போது ஒன்றரை வயது. அவற்றைக் கலைத்துவிட்டுத்தான் அடுத்தது. சேர்ந்தாலும் கரு உடனே வளராது. கார்த்திகை வரை சும்மா கிடக்கும். இலையுதிர் காலத்தில் பழமும் கொட்டையும் தின்று தாய் கொழுத்திருந்தால்தான் கர்ப்பப்பையில் ஒட்டும், இல்லாவிட்டால் அழிந்துவிடும். தை மாதம் குகைக்குள் பிறக்கும் குட்டி அரைக் கிலோவும் வராது. இதை வாசித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

கதை முடியவில்லை. மத்தியானம் மேசையில் சோற்றுப் பார்சலை அவிழ்த்தோம். இளங்கரடி ஒன்று மணம் பிடித்து வந்து நின்றது. கலைபட்ட இரண்டில் ஒன்றோ தெரியாது, வயது அதுதான். அண்ணையின் மகன் வடையை எறியக் கையை ஓங்கினான். நான் பிடித்துவிட்டேன்.

இதற்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனியில் மேசையடிக்கு வருவது பெரும்பாலும் இப்படித் தனித்துப்போய், தீனி தேடத் தெரியாமல் அலையும் பிள்ளைதான். வன்னியில் முகத்தைக் கிழிக்கும் கரடி வேறு இனம். இங்குள்ளது பெரும்பாலும் விலகிப் போகும். ஆனாலும் 1991 ஐப்பசியில் இதே பூங்காவின் ஒப்பியோங்கோ ஏரியில் ஒரு கருங்கரடி இருவரைக் கொன்றது. ஓடாதீர்கள், மரத்தில் ஏறாதீர்கள், அது எங்களைவிட நன்றாக ஏறும். பிள்ளைகளைக் கிட்ட இழுத்து, சத்தமாகக் கதைத்து, முகம் பார்த்தபடி பின்வாங்குங்கள். சாப்பாடு மட்டும் போட வேண்டாம். ருசி கண்ட கரடி திரும்பத் திரும்ப வரும், கடைசியில் சுட்டுவிடுவார்கள்.

அன்று சத்தம் போட்டுக்கொண்டே பின்னுக்கு நடந்தோம். அது கொஞ்சம் பார்த்துவிட்டுப் போய்விட்டது. மிச்சச் சோற்றைப் பூட்டிய வானுக்குள் இருந்து சாப்பிட்டோம். மீன்குழம்பு மணம் ஒரு கிழமை போகவில்லை என்று அண்ணை இன்றும் குறைப்படுகிறார்.