லேபிளில் இல்லாத பெயர்

பழைய ஈவ்னிங் கவுன் கிடைத்தால் எல்லோரும் முதலில் லேபிளைத்தான் தேடுகிறார்கள். என்னைக் கேட்டால், அதைக் கடைசியில் பார்க்க வேண்டும். 1947 ஆஸ்கர் விழாவில் ஒலிவியா டி ஹாவிலண்ட் உடுத்திய பூ வரைந்த கவுனில் சோனியா ரோசன்பர்க் பெயர் இருந்தது. வடிவமைத்தவரோ அலபாமாவில் பிறந்த கறுப்பினப் பெண் ஆன் லோ. கவுனின் உள்பக்கம் லேபிளைவிட யோக்கியமானது. கைத்தையல், பக்கவாட்டில் உலோக ஜிப், பிரித்துத் தைத்த தடம் எல்லாம் அங்கேதான். அமெரிக்கப் பெண்கள் ஆடைத் தொழிலாளர் சங்கத்தின் சிவப்பு-வெள்ளை-நீலச் சீட்டு தைத்திருந்தால் அது 1974க்கு முந்தைய உடுப்பே அல்ல, விற்பவர் 'ஐம்பதுகளின் சரக்கு' என்று சூடம் அணைத்துச் சத்தியம் செய்தாலும். ஜிப்பை மட்டும் நம்பித் தீர்ப்பு எழுதிவிடாதீர்கள், பழுதானால் மாற்றியிருப்பார்கள்.