அட்டையின் விலையும் அழகும்

பிள்ளைகள் கைப்பணத்தைச் செலவிட்டுச் சேர்க்கும் விளையாட்டு அட்டைகளைக் கண்டு முகம் சுளிக்கும் பெற்றோர் பலர். "இந்தக் காகிதத்திற்கா இத்தனை பணம்?" என்னும் அவர்களது கேள்வி நியாயமானதே. ஆயினும், கடிந்துகொள்ளுமுன் அவ்விளையாட்டைச் சற்று அறிந்துகொள்வது நலம்.

அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்டு கார்ஃபீல்டு அமைத்து 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த 'மேஜிக்: தி கேதரிங்' இவ்வகை விளையாட்டுகளுக்கு முன்னோடி. வழக்கமான முறையில், ஆடுவோர் ஒவ்வொருவரும் குறைந்தது 60 அட்டைகளைத் தேர்ந்து தமக்கென ஒரு கட்டு அமைக்க வேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் ஓவியம்; அதன்கீழ் அதன் ஆற்றலைக் கூறும் வாசகம்.

ஒரே அட்டை வெவ்வேறு ஓவியங்களுடன் பல முறை அச்சாவதுண்டு. பெயர் ஒன்று; ஆற்றல் ஒன்று; விலையோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! விளையாட்டின் விதி இரண்டையும் சமமாகவே ஏற்கிறது. கிறிஸ்டோபர் ரஷ் வரைந்த 'பிளாக் லோட்டஸ்' அட்டையின் 1993-ஆம் ஆண்டுப் பிரதியொன்று, 2021-இல் ஐந்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போயிற்று. பெரும்பாலான போட்டி முறைகளிலோ அவ்வட்டைக்கு இடமே இல்லை. அங்கே விலை பெற்றது பயன் அன்று, அருமையே.

அழகை நாடுவது பிழையன்று. சமவெளி, தீவு, சதுப்பு நிலம், மலை, காடு என்னும் அடிப்படை நில அட்டைகள் ஐந்து. ஏறத்தாழ எல்லாக் கட்டுகளுக்கும் இவையே ஆதாரம். பெரும்பாலும் மிக மலிவானவையும் இவையே. ஆயினும், ஜான் ஏவன் போன்ற ஓவியர்களின் எழில்மிகு இயற்கைக் காட்சிகளை இவற்றில் காணலாம்.

ஆகவே, பெற்றோர் பிள்ளையுடன் அமர்ந்து பேசட்டும். கட்டுக்கு எந்த அட்டை தேவை என்பதை முதலில் முடிவு செய்து, அதன் மலிவுப் பதிப்பைத் தனியே வாங்கலாம். உள்ளே இருப்பது தெரியாத உறைகளை நப்பாசையால் வாங்கிக் குவிப்பது வீண். மிஞ்சும் பணத்தில், மனத்திற்கு இனிய ஓவியம் ஒன்றைப் பெறட்டும். "இப்படம் உனக்கு ஏன் பிடித்தது?" என்று கேட்டுப் பார்ப்போம், பிள்ளையின் உள்ளம் நமக்குத் திறக்கும்.

விலையைக் கொண்டு மதிப்பை அளக்கும் பழக்கம் அட்டையோடு நின்றுவிடாது. நாளை அது உடன் பயிலும் ஏழைப் பிள்ளையின் உடையையும் அளக்கும். ஊரார் மெச்சவென்றே திருமண அழைப்பிதழுக்கும் பட்டுக்கும் பணத்தை வாரியிறைக்கும் நாம், இப்பாடத்தை முதலில் நமக்கே கற்பித்துக் கொள்வோம். தோற்றத்தைப் பாராமல் உள்ளத்தைப் பார்க்கும் இறைவன் நம் இல்லங்களுக்கு அத்தெளிவை அருள்வாராக!