கேமரா கைக்கு வந்துவிட்டது, திரை?

முத்தையாபுரம் பக்கம் இன்று ஒரு நிக்காஹ் என்றால் இரண்டு கேமராவும் ஒரு ட்ரோனும் வந்துவிடுகின்றன. எடுப்பவர்கள் பெரும்பாலும் நம் தெருப் பையன்கள்தான். அந்தக் கேமராவிலேயே ஒரு முழுப் படம் எடுக்கலாம் என்பது அவர்களுக்கும் தெரியும். எடுத்தால் எங்கே காட்டுவது என்பதில்தான் நின்றுவிடுகிறார்கள்.

பிலிம் இருந்த காலத்தில் இந்த யோசனைக்கே இடமில்லை. 400 அடி ரோல் நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். வாங்கவும் காசு, கழுவவும் காசு. அந்தக் கணக்கை டிஜிட்டல் மாற்றியது. பாலாஜி சக்திவேலின் 'வழக்கு எண் 18/9' (2012) கேனான் 7டி என்ற ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்டு, சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் வாங்கியது. ஒரு மாணவியைத் தெரியாமல் செல்போனில் படம் பிடிக்கும் பையனின் கதையும் அதில் வருகிறது. மலிவான கேமராவில் எடுத்த படமே மலிவான கேமராவின் ஆபத்தைச் சொன்னது. வயது வந்த பிள்ளைகள் உள்ள வீட்டில், பெற்றோர் முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பிள்ளைகளோடு பேச வேண்டிய படம் இது.

ஆனால் இதற்கும் முன்பே பாதை போட்டது ஒரு முஸ்லிம் ஊர். மகாராஷ்டிராவின் மாலேகான், விசைத்தறி நகரம். வெளியுலகம் அந்த ஊரை 2006, 2008 குண்டுவெடிப்புகளால்தான் அறியும். 2006 வழக்கில் கைதான முஸ்லிம்களை 2016-ல்தான் நீதிமன்றம் விடுவித்தது. பத்து வருடம் செய்தித்தாள்கள் அந்த ஊரைப் பற்றி என்ன எழுதின என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதே ஊரில் வீடியோ பார்லர் நடத்திய நாசிர் ஷேக், கல்யாண வீடியோ எடுக்கிற மாதிரியான கேமராவை வைத்துக்கொண்டு 'ஷோலே'யை மாலேகான் பாணியில் எடுத்தார். நடித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். பார்த்தவர்களும் அவர்களே.

அடுத்து அவர்கள் 'சூப்பர்மேன்' எடுத்த கதையை ஃபைசா அகமது கான் ஆவணப்படமாக்கினார். பெயர் 'சூப்பர்மென் ஆஃப் மாலேகான்'. கிரேனுக்குப் பதில் மாட்டுவண்டி, டிராலிக்குப் பதில் சைக்கிள். சூப்பர்மேனாக நடித்த ஷஃபீக் ஒல்லியான விசைத்தறித் தொழிலாளி. பிறகு புற்றுநோயில் இறந்துபோனார். ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமான அந்தப் படத்தைக் குடும்பத்தோடு பார்க்கலாம், வயிறு வலிக்கச் சிரிக்கலாம். 2025-ல் ரீமா காக்டி இதே கதையை 'சூப்பர்பாய்ஸ் ஆஃப் மாலேகான்' என்று பெரிய படமாகவும் எடுத்தார். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் நான் ஆவணப்படத்தையே சொல்வேன்.

மாலேகான்காரர்கள் திரைக்கு வெளியூரை நம்பவில்லை. நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் மன்னார் வளைகுடாவிலேயே உதாரணம் உண்டு. தனுஷ்கோடி மீனவர்களையே நடிக்க வைத்து லீனா மணிமேகலை எடுத்த 'செங்கடல்' படத்துக்குத் தணிக்கை வாரியம் சான்றிதழ் மறுத்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் போய் 2011-ல்தான் அனுமதி வாங்க முடிந்தது. இன்று அந்தத் தீர்ப்பாயமே இல்லை. 2021-ல் ஒன்றிய அரசு அதைக் கலைத்துவிட்டது. சான்றிதழ் மறுக்கப்பட்டால் இனி உயர் நீதிமன்றம்தான் போக வேண்டும். கேமராவின் விலை இறங்கிய அதே காலத்தில் முறையிடும் செலவு ஏறியிருக்கிறது. சிறு படம் எடுப்பவருக்கு இதுதான் இன்றைய உண்மையான தடை, கருவி அல்ல.

யூடியூபுக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. சினிமாவில் நம்மைத் தீவிரவாதியாகவே காட்டுகிறார்கள் என்ற நம் குறை நியாயமானதுதான். ஆனால் மறுத்துப் பேச நாம் எடுத்து வைத்திருப்பது எத்தனை?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ல். அந்தச் சிலாபத்தில் பரதவரோடு முஸ்லிம்களும் மூழ்கினார்கள். அன்று இருபது வயதில் இருந்தவருக்கு இன்று எண்பதுக்கு மேல். அப்படி ஒரு அப்பா உங்கள் தெருவில் இருந்தால் ஒரு போன் போதும், உட்கார வைத்துப் பேச விடுங்கள். எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு காலர் மைக் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கடற்கரையில் போன் மைக்கை நம்பினால் காற்றுச் சத்தம்தான் பதியும்.