வல்லூறும் வருகைப் பதிவேடும்



பூம்புகார்க் கடற்கரைக்குச் செல்லும் வழியில், பனைமரங்களில் வல்லூறு அமர்ந்திருப்பதை உங்களில் சிலர் கண்டிருப்பீர்கள். புறா அளவே உள்ள வேட்டைப் பறவை அது. ஓணானையும் அணிலையும் பிடித்துத் தின்னும். கரிச்சான் துரத்தினால் வேறு மரத்துக்கு மாறிக்கொள்ளும்.

வடநாட்டில் இதனை ஷிக்ரா என்பர். காடை, கௌதாரி பிடிக்க இதை அங்கே பழக்கினார்கள். காட்டுப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடுத்துவிட்டது.

அவிழ்த்துவிட்ட பறவை எஜமானின் கைக்குத் திரும்புவதைக் கீழ்ப்படிதலுக்கு உவமையாகப் பிரசங்கித்திருக்கிறேன். இனி அப்படிச் சொல்லத் துணியேன். அது அன்பினால் திரும்புவதில்லை. பழக்குகிறவர் அதன் எடையைப் பார்த்து இரையை அளந்து கொடுக்கிறார். முதலில் காலில் நீண்ட கயிறு. கையில் ஒரு துண்டு இறைச்சி. பசி இருக்கும்வரை வரும். வயிறு நிறைந்தால் மரக்கிளையில் அமர்ந்துகொண்டு, எத்தனை முறை அழைத்தாலும் திரும்பியும் பாராது. யோபு 39-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் சுட்டிக்காட்டும் ராஜாளியோ எவர் கையிலும் அமர்ந்ததன்று.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26 அன்று கடல் இந்தக் கரையில் ஏறியது. அதன்பின் ஓரிடத்தில் அரிசி வழங்கினோம். ஜெபம் முடிந்த பிறகே பொட்டலம் என்று அறிவித்தவன் நான்தான். பிள்ளையை இடுப்பில் வைத்திருந்த ஒரு தாய், கண்களை மூடாமல் அரிசி மூட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. இறைச்சித் துண்டு என் கையில் இருந்ததை நான் உணரவில்லை.

கிறிஸ்துமஸ் உதவிப் பட்டியலை வருகைப் பதிவேட்டைப் பார்த்துத் தயாரிக்கலாம் என்று கமிட்டியில் சிலர் கருதுகிறார்கள். ஒழுங்குக்காகச் சொல்கிறார்கள், அவர்கள் நோக்கத்தை ஐயுறவில்லை. ஆனால் அதை நான் ஏற்கமாட்டேன். ஐயாயிரம் பேரைப் போஷித்த ஆண்டவர், அவர்கள் அப்பத்துக்காகவே தேடி வந்தார்கள் என்பதை அறிந்திருந்தார். அநேகர் விலகிப் போனபோதும் எவரையும் கட்டி வைக்கவில்லை. பன்னிருவரையும்கூட, போக மனமுண்டோ என்றே கேட்டார். குணமடைந்த குஷ்டரோகிகளில் ஒன்பதுபேர் திரும்பி வரவில்லை; அவர்களுடைய சுகம் பறிக்கப்பட்டதாக லூக்கா எழுதவில்லை.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப்பின் பட்டியல் எழுத அமர்கிறோம். உங்கள் தெருவில் அடுப்பு எரியாத வீடுகளின் பெயர்களைக் கொண்டுவாருங்கள். பதிவேடு அலமாரியிலேயே இருக்கட்டும்.